சிவப்பு நாடா கட்டிய குச்சிகள்

டிசம்பருக்குள் செம்பனைத் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பகாவ் நகரில் மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அந்தப் பணத்தை ஒரு சின்னச் சுரங்கக் கம்பெனியின் பங்கில் போடப் போவதாகப் புதன்கிழமை மகேந்திரன் சொன்னபோது, தங்கை ரோகினி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சுரங்க ஆய்வுக்கு அரசாங்கம் ரூல்ஸ் எல்லாம் தளர்த்துதுலா. நம்ம தோட்டத்துலயே தங்கம் தேடுறாங்க. லோரி ஓட்டும்போது பார்த்தேன், வரிசையா குச்சி, ஒவ்வொண்ணுலயும் சிவப்பு நாடா."

"யாரு சொன்னா அண்ணே, தங்கத்துக்குன்னு?"

"சொல்லணுமா? கண்ணு இல்லையா எனக்கு?"

ரோகினி மாலை வகுப்பில் கணக்கியல் படிப்பவள். கம்பெனியின் அறிக்கையை மூன்று முறை வாசித்தாள். ஆய்வு அனுமதிக்கு விண்ணப்பம் செய்திருக்கிறோம் என்றுதான் இருந்தது. எந்த இடம் என்றே இல்லை. முன்பெல்லாம் நிபுணர் அறிக்கையும் கையிருப்புப் பணமும் காட்டினால்தான் அனுமதி. இனி அது வேண்டாம். நல்ல கம்பெனி எது என்று இதுவரை அரசாங்கம் சலித்ததை இனி பங்கு வாங்குபவன்தான் சலிக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் தவறாகப் படித்திருந்தால்? அண்ணன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறானே.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு நீலாவதியிடம் போனாள். தோட்டத்தின் வெளிக்காட்டு வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அவர்தான். மகேந்திரனும் பின்னாலேயே வந்தான்.

நீலாவதி நெத்திலி ஆய்ந்துகொண்டே விஷயத்தைக் கேட்டார். பிறகு சிரித்த சிரிப்பில் தட்டு சாய்ந்தது.

"தங்கமா? நானும் எட்டுப் பொம்பளைங்களும் மூணு நாள் வெயில்ல நட்ட குச்சிடா அது! மறுநடவுக்கு. ஒரு குச்சிக்கு ஒரு செம்பனைக் கன்னு."

"அப்ப நாடா எதுக்குக்கா?"

"உன்னை மாதிரி லோரிக்காரன் மேல ஏத்திடக் கூடாதுன்னுதான்! போன தடவை நாப்பது குச்சிய நொறுக்கினது யாருலா?"

மகேந்திரன் காதுவரை சிவந்தான். "நாளைக்குக் காலைலதான் வாங்கலாம்னு இருந்தேன்," என்றான். உடனே முகம் வெளுத்தது. "ஐயோ, கணேசமூர்த்திகிட்டயும் சொல்லிட்டேனே!"

செம்பனைப் பழம் இறக்கும் ஆலை வரிசையில் அவனோடு நிற்கும் லோரிக்காரர் கணேசமூர்த்தி. மகேந்திரன் அவருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கத்துக் குரல் மூவருக்கும் கேட்டது: "சம்பளமே ஏழாம் தேதிதான். காசு எங்கடா இருக்கு வாங்குறதுக்கு?"

ரோகினி சாய்ந்த தட்டை நிமிர்த்தி வைத்தாள். அந்தக் கம்பெனிக்கு வேறெங்காவது தங்கம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அது அவளுக்குத் தெரியாது. வீட்டுப் பணம் வங்கியில் இருப்பது மட்டும் தெரியும். இரண்டு பேரும் நீலாவதியோடு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பகாவ் அலுவலகத்தில் முன்பணத்தைக் கட்டினார்கள். மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த வீடு என்றாள் கவுண்டரில் இருந்தவள்.

"சாயங்கால வெயில் உள்ளுக்கே வரும்லா," என்றான் மகேந்திரன்.

"வரட்டும் அண்ணே," என்றாள் ரோகினி.