இரண்டாவது கோடு

காணையில் ஓர் அரிசி ஆலை. அங்கே நெல் அவிக்கும் அடுப்புக்கு இருபது வருஷம் உமி தள்ளியவள் சின்னபொண்ணு. புகை நெஞ்சைத் தின்றுவிட்டது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. 1984 கார்த்திகையில் மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்ததும், கணவன் முருகையன் அவளை விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

நர்ஸ் இருதயமேரி ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்து மூக்கில் குழாயைச் செருகினாள். சிலிண்டரின் கண்ணாடிக் குழலுக்குள் சின்ன குண்டு ஒன்று எழும்பி இரண்டாவது கோட்டில் நின்றது.

"இதுல கை வைக்காதீங்க. இவ்ளோதான் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.

கோடுகள் பத்து வரை இருந்தன. முருகையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னபொண்ணு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

"முடியலயே..."

ஏழை என்றுதான் அளந்து கொடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. சிலிண்டரின் திருகாணியைத் திருப்பினான். குண்டு எட்டுக்கு ஏறியது.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. நீலம் போய் முகம் சிவந்தது.

"இப்ப எப்டி கீது?"

"தூக்கமா வருது."

"தூங்கு."

போர்வையை இழுத்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது இருதயமேரி அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். அசைவில்லை. டாக்டர் ஓடிவந்தார். குண்டைப் பார்த்தார்.

"யார் இவ்வளவு வச்சது? நீதானே? கோடு பாக்கத் தெரியாதா உனக்கு?" என்று நர்ஸைப் பார்த்துக் கத்தினார்.

முருகையன் வாயைத் திறக்கவில்லை.

கண் விழிக்காமலே மறுநாள் காலையில் சின்னபொண்ணு போய்விட்டாள். நர்ஸை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகக் காரியத்துக்கு வந்த யாரோ சொன்னார்கள். அப்போதும் அவன் பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, இருதயமேரி திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினான். அவளுக்கு அவன் முகம் நினைவில்லை. சின்னபொண்ணு பெயரைச் சொன்னதும் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள்.

"நான்தாம்மா ஏத்தனேன். அது பட்ற பாட்ட பாத்துக்கினு இருக்க முடியல. உங்க மேல பழி வந்தப்போ வாய மூடிக்கினு நின்னுட்டேன்."

இருதயமேரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே தப்பா வச்சிட்டனோன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள். பிறகு, "புகையில நெஞ்சு கெட்டுப்போன நோயாளிக்கு ஆக்சிஜன் ஜாஸ்தியானா மூச்சு விடறதே மந்தமாயிடும். மயக்கத்துல கொண்டுபோய் விட்டுடும். அத உங்களுக்கு நான் சொல்லல. கை வைக்காதீங்கன்னு மட்டும் சொன்னேன்."

சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று அவன் நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"நான்தான் ஏத்தனேன்னு எழுதிக்கோங்கம்மா. கையெழுத்து போடறேன்."

அவன் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். அடியில் அவன் கையெழுத்துப் போட்டான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.