ஆறாவது சக்கர நாற்காலி

பட்டியலில் ஆறு சக்கர நாற்காலிகள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஐந்து. ஸ்டோர்காரர் ஒவ்வொன்றையும் பேனா முனையால் தொட்டு இரண்டாம் முறை எண்ணினார். சாவிக்கொத்து, கத்தரிக்கோல்கள், போர்வைகள் எல்லாம் சரியாக இருந்தன. மாலை ஐந்துக்குள் அவர் கையெழுத்துப் போட்டால், வார்டு சிஸ்டரின் முப்பத்தொரு வருட அரசு வேலை முடிந்தது.

“பின்னாடி உடைஞ்சது குவியலா கெடக்கு. ரெண்டு சக்கரத்தைக் கொண்டாந்து காட்டுங்க. ஆறாவது இதுதான்னு கழிவுல எழுதிடறேன்.”

உடைந்ததன் மிச்சத்தையாவது கண்ணால் பார்க்காமல் எந்தப் பொருளையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்பது அங்கே விதி.

“அது உடையலையே. நான்தானே குடுத்தனுப்பினேன்.”

“அம்மா தாயே, அது எனக்குத் தெரியும், பேப்பருக்குத் தெரிய வேணாம். ஊசி போட்டு ஊரையே அழ வெச்சது போதாதா? போற நாள்ல என்னையும் அழ வைக்கணுமா?”

நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்று சிஸ்டருக்குத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன், நடக்க முடியாத ஒரு தையல்காரரை வீட்டுக்கு அனுப்பிய நாளில், ஒரு வாரத்தில் திருப்பித் தரச் சொல்லி நாற்காலியோடு வண்டியில் ஏற்றிவிட்டாள். டாக்டர் கையெழுத்து வாங்கி இரவல் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போயிற்று; பிறகு திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. கொடுத்ததை அவள் தவறென்று நினைத்ததே இல்லை. மறைத்ததுதான் தினமும் காலைப் பிரார்த்தனையில் முள்ளாக நின்றது. பொய்யாகக் கழித்துவிட்டால் ஒரு சக்கரம் பழுதானால்கூடத் தையல்காரர் அதை இங்கே கொண்டுவர முடியாது. உண்மையைச் சொன்னால் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாலும் கொள்வார்கள். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு, வெயிலோடு வெயிலாகத் தையல்காரர் வீட்டுக்கு நடந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் தையல் மெஷினை நிறுத்தினார். “எடுத்துட்டுப் போங்க சிஸ்டர். நான் தரையில உக்காந்துக்கறேன்.”

“மெஷின் தவழ்ந்து வருமா உங்ககிட்ட?” என்றாள் அவர் மனைவி. “பெரிய வள்ளல்!”

“எடுத்துட்டுப் போக வரலை,” என்றாள் சிஸ்டர். “நீங்களும் வாங்க. டாக்டர் உங்களைப் பாக்கணும், ஸ்டோர் நாற்காலியைப் பாக்கணும். முறையா எழுதி வாங்கிக்கலாம்.”

“தர மாட்டேன்னுட்டா?” என்றார் தையல்காரர்.

“கேட்டுட்டு அப்புறம் பயப்படுவோம்.” குனிந்து நாற்காலியின் பிரேக்கை விடுவித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைப் பரிசோதித்து இரவல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். ‘நான்கு வருடம் பதியாமல் விட்டது என் தவறு’ என்று சிஸ்டர் எழுதி நீட்டிய தாளை ஸ்டோர்காரர் இரண்டு முறை படித்தார்.

“விசாரணை வரும்மா.”

“வரட்டும். இனிமே வீட்லதானே இருப்பேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். “இது நம்ம நாற்காலிதானான்னு நான் பாக்கணும். நம்பர், உக்கார்ற எடத்துக்கு அடியில இருக்கும். பெரிய அதிகாரி கேட்டா நான் பதில் சொல்லணுமே.”

சிஸ்டர் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் தாங்க, தையல்காரர் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றார். ஸ்டோர்காரர் தரையில் மண்டியிட்டு, கவிழ்த்த நாற்காலியில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கைக் கைக்குட்டையால் தேய்த்தார். நம்பரின் முதல் இலக்கம் தெரிந்தது. மேலே தையல்காரரின் முழங்கைகள் நடுங்கத் தொடங்கின.

“இருங்க, இருங்க,” என்ற ஸ்டோர்காரர், எழுந்திருக்காமலே இடது கையை நீட்டித் தன்னுடைய நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் தள்ளினார். வலது கை தேய்த்துக்கொண்டே இருந்தது.