பித்தளைத் தலை மட்டை

கருமம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் தங்கச் சுரங்கத்து ஊரில், கோரமண்டலில் என் அண்ணன் கிறிஸ்டோவின் வீட்டுக் குளியலறை மூலையில், பினாயில் பாட்டிலுக்கும் தேய்ந்த துடைப்பத்துக்கும் நடுவில் என்னுடைய கோல்ஃப் மட்டை நின்றுகொண்டிருந்தது. பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதற்கான மட்டை, பித்தளைத் தலை வைத்தது. அந்தத் தலையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக முடி. யாருடைய முடியோ. முடிக்கு மேல் காய்ந்துபோன சோப்பு, சோப்புக்கு மேல் கறுப்பாக ஏதோ பிசின். கிட்டே போனதும் வந்த நாற்றத்தில் காலையில் தின்ற உப்புமா தொண்டை வரை வந்து திரும்பியது.

கல்யாணமாகி ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும்போது ஏழு மட்டைகளையும் கான்வாஸ் பையில் கட்டி, பத்திரமாக வைத்திரு என்று இவனிடம்தான் கொடுத்தேன். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறான், சாக்கடை வாயில்.

"இன்னாண்ணா இது?"

"அதுவா? பைப் அடைச்சிகிச்சின்னா குத்தறதுக்கு," என்றான் கிறிஸ்டோ. வெட்கமே இல்லை, குரலில் பெருமை வேறு. "கடையில விக்கிற கம்பியெல்லாம் வளைஞ்சி பூடுது ஷைலா. இது தலை கனமா கீதுல்ல, ஒரே குத்து, தண்ணி சர்ருனு பூடும்."

"மீதி ஆறு எங்க?"

அவன் மனைவி ஃப்ளோரா அண்ணி, கண்காட்சி காட்டுவதுபோல் அழைத்துப் போய்க் காட்டினாள். இரண்டு, பின்பக்கம் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன. இரண்டின் தலையை அறுத்துவிட்டு ஹாலில் திரை மாட்டியிருந்தார்கள். ஒன்று எங்கே போனதென்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசி ஒன்று பன்றி விரட்டப் போய் ஒடிந்ததாம்.

"பன்னிக்கு ஒண்ணும் ஆவல," என்றாள் அண்ணி. "ஸ்டிக்குதான் ரெண்டாப் பூட்ச்சி."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. என் வாயில் வந்ததையெல்லாம் அன்றைக்கு அங்கே கொட்டியிருப்பேன். ஆனால் கிறிஸ்டோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ திரும்பி ஆடுவேன்னு யாருக்கும்மா தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை இன்னும் எரித்தது.

எனக்குத் தெரியும். பெங்களூர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. இருபத்து நாலு வருஷம் விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்பினேன். ஒருத்தர் அக்குளுக்கும் இன்னொருத்தர் டிபன் கேரியருக்கும் நடுவில் நசுங்கி, யாரோ துப்பிய வெற்றிலை எச்சிலில் செருப்பு வழுக்காமல் நின்றுகொண்டு, ரிடையர் ஆனதும் மறுபடி ஆடுவேன் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகை கேட்கவில்லை, வெளிநாட்டு டூர் கேட்கவில்லை. எனக்கு அந்த ஆட்டம் வேண்டும், அவ்வளவுதான். மார்ச் மாதம் ரிடையர் ஆனேன்.

ஆடுவதற்கு இடம் இருந்தது. மாரிக்குப்பம் பக்கத்தில், சுரங்கத்து மண் கொட்டிய மேடுகளுக்குக் கீழே, பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒன்பது குழி வெட்டி ஒரு மைதானம் நடத்துகிறார்கள். பாதி இடத்தில் முள்ளுச்செடி, மீதி இடத்தில் சாணி. காற்றடித்தால் மேட்டுத் தூசி வாயெல்லாம் கரிக்கும். அதற்குக் கேப்டன் வாசு. நாற்பது வயதிருக்கும், வாரமெல்லாம் பெங்களூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை இங்கே தொப்பி.

"ரூல்க்கா," என்றான் வாசு. "விட்டுட்டுத் திரும்ப வரவங்க மூணு குழி ஆடிக் காட்டணும். மூணும் சேத்து பதினெட்டு தடவ அடிக்கறதுக்குள்ள முடிச்சா மெம்பர். இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

அவன் சொல்லும்போதே அவனுக்குப் பின்னால் ஒரு எருமை இரண்டாவது குழியை மறைத்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எந்த டெஸ்டும் வைக்கவில்லை. எனக்கு வைத்தார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை. என் முழங்கால் இப்போதே மாடிப்படியில் முனகுகிறது. அடுத்த வருஷம் வரை அது எனக்காகக் காத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கிறிஸ்டோவுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். "நானே வாங்கித் தரேன்மா, வா," என்று பெங்களூருக்கு இட்டுக்கொண்டு போனான். கண்ணாடிக் கடை, ஏசி, உள்ளே நுழைந்ததும் ஊதுவத்திபோல ஒரு செயற்கை வாசனை. கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"உங்க ஏஜுக்கு லைட்டா இருக்கறது பெட்டர் மேடம்," என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு செட்டை எடுத்தான். எல்லாம் ரோஸ் நிறம். பை ரோஸ், பிடி ரோஸ், பந்து கூட ரோஸ். பிறந்தநாள் கேக்கை அறுத்து ஏழு துண்டாக்கிக் கம்பியில் செருகியதுபோல இருந்தது. எனக்கு அறுபது வயதாகிறது.

கறுப்பு இல்லையா என்று கேட்டேன். கறுப்பு ஆம்பளைங்க சைஸ் என்றான். சீ என்றிருந்தது. ஆனாலும் எடுத்து வீசிப் பார்த்தேன், கை பழசை மறக்கவில்லை. கடைசியில் உருட்டு மட்டையைக் கொடுத்தான். கடைக்குள் பச்சைக் கம்பளம் விரித்து ஒரு குழி வைத்திருந்தார்கள். லேசாகத் தொட்டேன், பந்து போய் விழுந்தது. மறுபடி தொட்டேன், மறுபடி விழுந்தது.

"பாத்தியா," என்றான் கிறிஸ்டோ, வாயெல்லாம் பல். "இன்னாமா வழுக்கிகினு போவுது."

நானும் பல்லைக் காட்டினேன். கிறிஸ்டோ செட்டுக்குப் பணத்தைக் கட்டினான். எங்கள் ஊரில் கம்பளம் இல்லை என்பது அந்த ஏசியில் எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோனது.

பெங்களூர் மைதானங்களில் குழியைச் சுற்றிப் பட்டுப்போலப் புல் இருக்கும். எங்கள் ஊரில் புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் ஏது. குழியைச் சுற்றி மணலைக் கொட்டி, பழைய வண்டி எண்ணெயை ஊற்றி மிதித்து வைத்திருப்பார்கள். உருட்டுவதற்கு முன்னால் ஒருவர் ஈரச் சாக்கை இழுத்து அந்த மணலைச் சமப்படுத்த வேண்டும். ஆடுகிறவர் இழுக்கக் கூடாது, கூட வந்தவர்தான் இழுக்க வேண்டும், அதுதான் முறை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்குப் போனேன். அண்ணனும் அண்ணியும் பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். தூர அடிகள் மோசமில்லை. கட்டாந்தரையில் மட்டை எகிறினாலும் சமாளித்தேன். மணலுக்கு வந்ததும் மானம் போனது. கிறிஸ்டோ சாக்கை இழுத்துவிட்டான், நான் ரோஸ் மட்டையால் தொட்டேன். பந்து இரண்டடி போய் எண்ணெய் மணலில் உட்கார்ந்துகொண்டது. பலமாக அடித்தால் துள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. ஒரு குழிக்கு ஐந்து தடவை உருட்டினேன். காற்று மாதிரி கனமில்லாத மட்டை, மணலை எப்படித் தள்ளும்?

"மட்டை சரியில்ல," என்றேன்.

ஃப்ளோரா அண்ணி பப்ஸ் துணுக்கை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

அண்ணி அத்தனை இளக்காரமாகச் சொன்னது என் காதில் அப்படியே நின்றது. எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது, அதை நினைக்கும்போதே குமட்டியது. இந்த மணலுக்கென்றே செய்த மட்டை ஒன்று உலகத்தில் இருக்கிறது. அப்பா சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டை ஓட்டினவர். பட்டறைக்காரர்களிடம் கெஞ்சி, ஒதுக்கிப்போட்ட பம்பு வால்வின் பித்தளையை உருக்கி அந்தத் தலையைச் செய்துகொண்டு வந்தார். பார்க்க அம்மிக்குழவிக்குப் பிடி போட்ட மாதிரி அசிங்கமாக இருக்கும். அதோடுதான் நான் லேடீஸ் கப் ஜெயித்தேன். இப்போது அது கிறிஸ்டோவின் குடும்பத்து முடியைச் சுற்றிக்கொண்டு கக்கூஸ் பக்கத்தில் நிற்கிறது.

அவர்களோடே கோரமண்டலுக்குப் போனேன். கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, செத்த எலியைத் தூக்குவதுபோல அதைத் தூக்கினேன்.

"பைப் அடைச்சா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கிறிஸ்டோ பின்னாலேயே வந்தான்.

"கைய விட்டு எடு," என்றேன்.

என் வீட்டு வாசலிலேயே என் கணவர் இன்பராஜ் மறித்தார். "அந்த நாத்தத்த உள்ள கொண்டாராத." பின்பக்கத்துத் துவைக்கிற கல்லில் போட்டேன். முடியைக் குச்சியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கறுப்பு, நரை, மருதாணி போட்ட செம்பட்டை. ஃப்ளோரா அண்ணி மருதாணி போடுகிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு தடவை வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் கொதிக்கிற தண்ணீர், பினாயில், டெட்டால், கடைசியில் புளி. பித்தளை பளபளவென்று வந்துவிட்டது.

கைப்பிடிதான் மசியவில்லை. அது தோல், அப்பா சுற்றியது, என் விரலின் பள்ளம் அதில் இருக்கிறது. இத்தனை வருஷச் சாக்கடையையும் அந்தத் தோல் குடித்து வைத்திருந்தது. பிரித்துப் போட்டால் பிடியின் பருமன் மாறும், கை தடுமாறும், விடிந்தால் டெஸ்ட். கையுறை மாட்டிப் பிடித்துப் பார்த்தேன், வழுக்கியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன முழம் என்ன. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பிடித்தேன். ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. உள்ளங்கையிலிருந்து முதுகு வரை கூசியது. ஆனால் பத்து விரலும் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசு தொப்பியோடு காத்திருந்தான். முதல் குழியில் ரோஸ் மட்டைகளால் பந்தை மணல் வரை கொண்டுவந்து, பையிலிருந்து பித்தளைத் தலையை உருவினேன். சாக்கு இழுக்க வந்த வாசு நின்றுவிட்டான்.

"இன்னாக்கா, எங்கியாவது சாக்கடை ஒடைஞ்சிருக்கா?"

"சாக்கை இழு வாசு."

கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் இழுத்தான். வெயில் ஏற ஏறத் தோல் சூடாகி நாற்றம் கூடியது. ஈக்கள் வந்தன. ஒரு ஈ என் கட்டைவிரலில் உட்கார்ந்து பின்னங்காலைத் தேய்த்துக்கொண்டது, அதை ஓட்டக்கூட நான் கையை எடுக்கவில்லை. இரண்டு குழி முடிந்தபோது பதினாலு அடி ஆகியிருந்தது. மூன்றாவது குழியில் மூன்று அடியில் மணலுக்கு வந்தேன். மிச்சம் ஒரே ஒரு அடி. பந்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு கட்டில் நீளத்துக்கு எண்ணெய் மணல்.

வாசு சாக்கை இழுத்துவிட்டு ஒதுங்கினான். வாயால் மூச்சு விட்டேன். நாற்றம் நாக்கில் தெரிந்தது. இது போனால் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ரயிலில் நின்ற அத்தனை வருஷமும் வீண். மட்டையைப் பின்னால் இழுத்தேன். பித்தளைத் தலை கனம், நான் நினைத்ததையெல்லாம் அது பொருட்படுத்தவில்லை. தன் பாட்டுக்கு ஆடி வந்து பந்தைத் தள்ளியது. மணலில் கோடு கிழித்துக்கொண்டு பந்து போயிற்று. குழி விளிம்பில் ஒரு நொடி தயங்கி, உள்ளே விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன், நாற்றம் மூக்கில் ஏறியது, கையை இறக்கிக்கொண்டேன். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

"நீங்க மெம்பர்க்கா," என்று வாசு கை கொடுக்க வந்தான். பாதி தூரத்தில் என் கையைப் பார்த்தான். நின்று, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான்.

மறுநாள் காலையில் கேட்டைத் தட்டிக்கொண்டு கிறிஸ்டோ நின்றான். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தான். டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்பான் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"பாத்ரூமெல்லாம் தண்ணி ஷைலா, ஹாலுக்கே வந்துடும் போல கீது. அந்தக் கம்பிய குடு. ஒரே குத்து குத்திட்டு இப்பவே கொண்டாந்து தரேன்."

உள்ளே போய், ரோஸ் பையிலிருந்து ரோஸ் உருட்டு மட்டையை உருவிக்கொண்டு வந்து நீட்டினேன்.

"ஏய், இது புச்சு," என்றான். "நான் வாங்கிக் குடுத்ததுமா."

"அதான் குடுக்கறேன். எடுத்துகினு போண்ணா," என்றேன். "நல்லா வழுக்கிகினு போவும்."

வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டு போனான். நான் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.