பன்னிரண்டு வாரக் கையெழுத்து

வேலைக்கு ஆள் எடுக்கும்போது எனக்கு முதலில் தெரிய வேண்டியது, யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான். லீனா பன்னிரண்டு வாரப் பிராக்டிகல் பயிற்சி கேட்டு நேர்முகத்துக்கு வந்த அன்று அவளுடைய போலிடெக்னிக் மார்க்கை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. அப்பா இராயப்பன் பட்டர்வொர்த் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, வீடு ஃபெரி ஏறிப் போகும் அக்கரையில் பாகான் டாலாம், அவருடைய அண்ணன் தம்பி எத்தனை பேர், யார் யாருக்கு எங்கே வேலை என்று அரை மணி நேரம் துருவினேன். காப்பி கொண்டுவந்த என் மனைவி கமலாம்பிகை, "ஆள் எடுக்கிறீங்களா, பொண்ணு பார்க்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

துருவியதற்குக் காரணம் இருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேல்மாடியில் என் பட்டறை. புகைப்பட ஸ்டூடியோக்களுக்கான விளக்கு செய்துகொண்டிருந்தேன். கூரையில் தண்டவாளம், கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் மோட்டார் விளக்கை இழுத்துப்போய்ச் சொன்ன இடத்தில் நிறுத்தும். 1993இல் அது பெரிய விஷயம். எதிர்வரிசை ஸ்டூடியோக்காரர் முன்பு ஒருமுறை என் விளக்குத் தாங்கியை நோட்டம் விட்டுப்போய், மூன்றே மாதத்தில் அதேபோல் செய்து விற்றவர்.

இந்த விளக்கில் ஒரு கோளாறும் இருந்தது. நின்ற பிறகும் விளக்கைத் தாங்கும் கை ஆடும். படத்தில் நிழல் இரண்டாக விழும். பாயான் லெப்பாஸிலிருந்து, பொருள்களைப் படம்பிடித்துக் கேட்டலாக் போடும் கம்பெனிக்காரர் லீனாவின் கடைசி வார வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. அவரும் வேண்டாமென்றால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

லீனா வந்து பதினோரு வாரம் ஆன பிறகுதான் தெரிந்தது, அவளுடைய சின்னம்மா சவுந்தரம் அந்த எதிர்வரிசை ஸ்டூடியோவில் கல்லாவில் உட்காருகிறாள் என்று. அப்பா வழியை அவ்வளவு துருவிய நான், அம்மா வழியைக் கேட்காமல் கோட்டை விட்டிருந்தேன்.

அதன்பின் அவள் நிமிர்ந்து பார்த்தாலே எனக்கு உறுத்தியது. பச்சை அட்டை போட்ட லாக் புக் ஒன்று வைத்திருந்தாள். பிராக்டிகல் செய்பவர்கள் தினமும் செய்த வேலையை எழுதி, வாரா வாரம் முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும்; வாங்காவிட்டால் பாஸ் கிடையாது. நான் ஒரு வாரம்கூடப் போடவில்லை. போட்டால் என் வித்தையை நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இப்போது நான் பக்கத்தில் போனாலே அவள் அதை மூடிவிடுகிறாள். இந்தப் புத்தகம் ஃபெரி ஏறி வீட்டுக்குத்தான் போகிறதா, சின்னம்மா வீட்டுக்குப் போகிறதா?

வியாழன் மத்தியானம் அவள் சாப்பிடக் கீழே இறங்கினாள். புத்தகம் மேசையில் கிடந்தது. கதவைத் தாழிட்டுவிட்டுப் புரட்டினேன்.

எதிர்வரிசையைப் பற்றி ஒரு எழுத்தில்லை. கடைசிப் பக்கத்தில் என் விளக்கு இருந்தது. மோட்டாரை ஒரேயடியாக நிறுத்தாமல், ஒரு சாண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று வரைந்து, கம்ப்யூட்டரில் தட்ட வேண்டிய எண்களையும் எழுதியிருந்தாள். நானோ ஆட்டத்தை நிறுத்த ஆறு மாதமாகக் கையின் இரும்பைத் தடிமனாக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. மளமளவென்று எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த எண்களைத் தட்டினேன்; விளக்கு போய் நின்றது, துளி ஆட்டமில்லை. இது யாருடைய யோசனை என்று கம்பெனிக்காரர் கேட்டார். லீனா துடைக்கும் துணியோடு பக்கத்தில்தான் நின்றாள். நான்தான் என்றேன். ஆர்டர் கிடைத்தது. அவள் வாயைத் திறந்தால், என் பட்டறையில் வரைந்தது எனக்குத்தான் சொந்தம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் துணியால் விளக்கைத் துடைக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

"இன்னிக்கு லாஸ்ட் டே சார். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க."

நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இதை வரைந்தவள் ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று அதட்டினேன்.

"பிராக்டிகல் பிள்ளை சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்லா சார். அதான் நேத்து வேணும்னே மேசையில வச்சிட்டுச் சாப்பிடப் போனேன். நீங்களே பார்த்துக்குவீங்கன்னு."

பன்னிரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். அடியில், பயிற்சியாளரைப் பற்றி முதலாளி எழுத ஒரு கட்டம் இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரி போலிடெக்னிக் போகும், அங்கிருந்து யார் காதுக்கெல்லாம் போகுமோ என்று கை நின்றுவிட்டது. 'நம்பிக்கையானவர்' என்று மட்டும் எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு ஃபெரிக்கு ஓடினாள்.