கள்ளத்தாள் பார்க்கிற ரோச்

கள்ளக் காசுத்தாள் பிடிப்பதற்கென்று கடையில் வைத்திருந்த ஊதா வெளிச்ச ரோச்சை நஸ்மியா வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னேரம், முதன்முதலில் ஒளிர்ந்தது அவளுடைய மகள் முனவ்வறாவின் பல். அறைக் கதவைச் சாத்தி ரோச்சின் பொத்தானை அமத்தியதும் பிள்ளை சிரித்தாள். இருட்டுக்குள் பல் மட்டும் தெரிந்தது. வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்திருந்த பக்கத்து வளவு மேனுகா முதலில் பயந்து கத்தினாள், பிறகு தன் பல்லையும் பார்க்கவேண்டும் என்று கண்ணாடி தேடி ஓடினாள். அதற்குப் பிறகு இந்த இரண்டு குமரிகளையும் யார் பிடிப்பது? நகம் ஒளிர்ந்தது. முனவ்வறா இன்னும் கழற்றாத பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சவுக்காரத்தூளில் தோய்த்தது, நீலமாகப் பற்றிக்கொண்டு அறையையே நிறைத்தது. அந்த நேரம் பார்த்து ஐந்து வயது ஷாமில் மூலையிலிருந்து எழும்பித் தமக்கையின் பக்கம் நடந்து வந்தான். சரி, இவன் வழக்கம்போல முற்றத்துக்கு ஓடப் பார்க்கிறான் என்று நஸ்மியா எட்டிக் கதவுக்குக் கொண்டி போட்டாள். அவன் திரும்பவும் மூலைக்கே போய்விட்டான்.

ரோச்சைத் தர அவளுடைய புருஷன் றிபாஸ் இலேசில் சம்மதிக்கவில்லை. தண்ணீரூற்றுச் சந்திக் கடையில் பின்னேரம்தான் யாவாரம், பின்னேரம்தான் மனிசிக்கும் ரோச் வேணுமாம், இனி வருகிற தாளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கிறதோ என்று நெளிந்தான். ஆனால் எதற்கென்று அவனுக்குத் தெரியும். கேட்டது ஷாமிலுக்காக என்பதால், புதுப் பற்றரியும் போட்டுத்தான் கொடுத்துவிட்டான்.

ஷாமிலைக் காட்டப் போன வவுனியாக் கிளினிக்கில், பிள்ளைகளைக் கதைக்கப் பழக்குகிற ஒரு மிஸ் இருந்தா. அவாவின் மேசையில் தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்று, உள்ளே பச்சையாக ஏதோ மினுங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஷாமில் அதைப் பார்த்தான். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குப் பார்த்தான். இது இஞ்ச கிடைக்காது, ஆனா வீட்டிலயே செய்யலாம், ஊதா ரோச் அடிச்சா ஒளிரக்கூடியதாய் ஏதாவது போட்டு மூடியை நல்லா ஒட்டிவிடுங்கோ என்று மிஸ் சொன்னா. ஒளிரக்கூடியது எது என்று கேட்க வாய் எடுப்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவளுக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஷாமில் ஒருநாளும் தானாக அவளிடம் வந்ததில்லை. ஒரு தரம் வரவேண்டும், அவ்வளவுதான். பசித்தால் வருவான், அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பானையடிக்கு இழுத்துப் போவான், சோறு கிடைத்ததும் கையைக் கீழே போட்டுவிடுவான். கதவு திறந்த பிறகு சாவியைக் கழற்றி வைக்கிற மாதிரி. அதை வருவது என்று சொல்ல முடியுமா? கட்டிப்பிடித்தால் உடம்பை விறகாக்கிக்கொண்டு நழுவிவிடுவான். ஆம்பிளைப் பிள்ளைகள் சுணங்கித்தான் கதைக்கும், எங்கட மூத்தவனும் இப்பிடித்தான் என்று ஊரெல்லாம் சொல்லக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. கதைக்காவிட்டால் போகட்டும். வந்தால் போதும்.

ஆக, ஒளிரக்கூடியது எது? இதைக் கண்டுபிடிக்கிற பொறுப்பை மேனுகா தானாகவே தலையில் போட்டுக்கொண்டாள். எட்டு வயதுக்கு அவள் கேட்கிற கேள்விகளுக்கு வாத்திமாரே லீவு போடவேண்டும். ரோச்சில் ஒரு கோளாறு, பொத்தானைக் கட்டைவிரலால் அமத்திப் பிடித்தபடி இருந்தால்தான் எரியும். அந்தக் கட்டைவிரல் வேலை அவளுக்கே வாய்த்தது. கண்ணுக்குள் அடித்தால் ரோச் அந்த நிமிஷமே கடைக்குப் போய்விடும் என்பது நஸ்மியாவின் ஒரே சட்டம். மற்றபடி குசினி முழுவதும் அவர்களுடைய இராச்சியம். உப்பு ஒளிரவில்லை. சீனியும் இல்லை. கறிவேப்பிலையை ஏன் எடுத்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மஞ்சள்தூள் தண்ணீரில் சும்மா கிடந்தது, தேங்காயெண்ணெயில் கலக்கியதும் பச்சையாக விழித்துக்கொண்டது. ஏன் எண்ணெயில் மட்டும் என்று மேனுகா கேட்டாள். நஸ்மியாவுக்குத் தெரியவில்லை, ஆனால் அன்றிரவு சோறு போடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்படி ஒரு கேள்வி அவளுக்குள் வந்து குந்தியதே இல்லை.

கடைசியில் வென்றது, றிபாஸின் வாய்ப்புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் விற்றமின் குளிசை. இடித்துத் தண்ணீரில் கரைத்ததும் போத்தல் முழுக்க எலுமிச்சை நிறத்தில் எரிந்தது. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பழைய மாலையின் மணிகளையும் மினுங்கல் கடதாசித் துண்டுகளையும் உள்ளே போட்டு, மெதுவாக இறங்கட்டும் என்று கிளிசரினும் ஊற்றி, மூடியைப் பசையால் ஒட்டினாள் நஸ்மியா.

அறை போதிய இருட்டில்லை என்று அவளுக்கு ஒரு குறை. வெளியே போகும்போது போடுகிற தன்னுடைய கறுப்பு ஹபாயாக்களை எடுத்து யன்னலில் தொங்கவிட்டாள், ஒன்றைத் தானே போட்டுக்கொண்டாள். வெள்ளைச் சட்டையோடு ஒருவரும் உள்ளே வரக்கூடாது, போத்தலின் வெளிச்சத்தை அது தின்றுவிடும் என்று பிள்ளைகளுக்கும் கட்டளை. எல்லாம் சரியாகத்தான் செய்தாள். போத்தல் இருட்டின் நடுவில் தனியாக, இராசாத்தி மாதிரி இருந்தது.

ஷாமில் அதைப் பார்க்கவே இல்லை.

அடுத்த பின்னேரம் மஞ்சளெண்ணெய்ப் போத்தல் செய்தார்கள். அதை வாங்கி மணந்துவிட்டு வைத்தான். பிறகு மெல்லிய கையுறைக்குள் குளிசைத் தண்ணீர் நிரப்பி, பிசையக்கூடிய ஒளிரும் கை ஒன்று செய்தார்கள். முனவ்வறா அதைப் பிசைந்து பிசைந்து மயங்கிப்போனாள். தம்பியோ யன்னலில் தொங்கிய ஹபாயாவின் ஓரத்தால் வருகிற வெயில் கீற்றையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். கடைசியாக நஸ்மியா குளிசைப் போத்தலைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள். காலால் தள்ளினான். அது உருண்டு கட்டிலுக்குக் கீழே போய், பின்னாலேயே போன மேனுகாவின் ரோச் வெளிச்சத்தில் அங்கே கிடந்து எரிந்தது.

"இதில என்ன குறை கண்டனீ?" என்று கேட்டாள். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் ரோசம் காட்டுகிறாளே!

"உம்மா, அவனுக்கு விருப்பமில்லையாக்கும்" என்றாள் முனவ்வறா, மெதுவாக.

அந்த நேரம் பள்ளிவாசலில் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பாங்கு கேட்டால் வீட்டுக்கு வந்துவிடவேண்டும் என்பது மேனுகாவுக்கு அவளுடைய தாய் போட்ட சட்டம். இன்றைக்கு அவள் அசையவில்லை. ரோச்சை வைத்துவிடச் சொல்லி, நஸ்மியா கை கால் முகம் கழுவி ஒளு எடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் இருப்பது இந்த ஒரு அறைதான், தொழுகைப் பாய் விரிக்கிற இடமும் இதற்குள்தான். லைட்டைப் போட மனம் வரவில்லை. தலையிலிருந்து கால்வரை மூடுகிற தொழுகை உடுப்பை அலுமாரியிலிருந்து எடுத்து, ஹபாயாவுக்கு மேலால் போட்டுக்கொண்டாள். கிழமைக்கொருதரம் சவுக்காரத்தூளில் ஊறவைத்து நீலம் போட்டு எடுக்கிற வெள்ளை அது.

தொழுகையின் இரண்டாவது றக்அத்தில் நிற்கும்போது தன்னுடைய சட்டைக் கை நீலமாக எரிவதைக் கண்டாள். மேனுகா! சும்மா இருக்க முடியாத பிள்ளை ரோச்சைத் திருப்பிவிட்டிருக்கிறாள். தொழுகையில் அதட்டவும் முடியாது. நெஞ்சின் மேல் கட்டியிருந்த கைகள், சட்டையின் மடிப்புகள், பாயில் விழுந்து கிடந்த கரை எல்லாம் எரிந்தன. பின்னால் பிள்ளைகளின் குசுகுசுப்பு திடீரென்று நின்றது. மூலையிலிருந்து சின்னக் காலடி கேட்டது.

ஒரு விரல் வந்து அவளுடைய சட்டைக் கையைத் தொட்டது. பிறகு முழு உள்ளங்கை.

அவளுக்கு ஓதிக்கொண்டிருந்த சூறா நாக்கிலிருந்து நழுவியது. பிடித்து, தொடக்கத்திலிருந்து ஓதினாள். திரும்பக்கூடாது. திரும்பினால் தொழுகையும் போய்விடும், பிள்ளையும் போய்விடுவான். இத்தனை வருஷமும் அவனைக் கண்டவுடன் நீண்ட கைகள் இப்போது நெஞ்சில் கட்டிக்கிடந்தன. குனிந்தாள், அவன் துணியைப் பிடித்தபடி கூடவே குனிந்தான். நிமிர்ந்தாள், விடவில்லை. ரப்பே, ரப்பே என்று உள்ளுக்குள் அழுதாள்.

கடைசி சுஜூதில் நெற்றியைப் பாயில் வைத்தபோது முதுகில் ஒரு பாரம் இறங்கியது. முதலில் கன்னம். பிறகு நெஞ்சு. பிறகு இரண்டு கைகளும் அவளை அணைத்துக்கொண்டு கிடந்தன. அவனுடைய மூச்சு துணிக்குள்ளால் சுட்டது. மூன்று தரம் சொல்லவேண்டிய தஸ்பீஹை அவள் சொல்லி முடித்தாள். இனி எழும்பவேண்டும். திரும்பவும் சொன்னாள். திரும்பவும்.

"ஏன் உங்கட உம்மா எழும்பேல்ல?" மேனுகா இரகசியமாகக் கேட்டாள்.

"நீ ரோச்சில இருந்து கையை எடாத" என்றாள் முனவ்வறா.

கண்ணோரத்தில், பாயின் மேல் விழுந்திருந்த ஊதா வெளிச்சத்தின் கரை நஸ்மியாவுக்குத் தெரிந்தது. கட்டைவிரல் நோகிறதாக்கும், அது நடுங்கியது. ஒருதரம் மங்கி, பிறகு திரும்பவும் பிரகாசமாகி, அப்படியே நின்றது.