மூன்றாம் மாடியை விடாத போன்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் சொன்ன வாய் புழுத்துப்போகட்டும்... மச்சினன் இப்போது மூன்றாம் மாடியில்தான் இருக்கிறான், மேலாளர் அறை வாசலில் கூரையோடு ஒட்டியிருக்கும் வைஃபை பெட்டிக்குக் கீழே, முப்பத்தெட்டு நிமிடங்களாக, கணினித் திரை பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான், என்று நினைத்துக்கொண்டார் வைஃபைக்காரர். அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். ஐந்து மாடி, நாற்பத்தொரு பெட்டி, எந்தப் பெட்டியில் எத்தனை போன், எது திணறுகிறது, எது சும்மா கிடக்கிறது, எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். கணக்குப் பிரிவுப் பெரியவர் கழிவறைப் பக்கத்துப் பெட்டியில் தினமும் நாற்பது நிமிடம், பாவம், மூலமோ என்னவோ... அது கிடக்கட்டும், இவனுக்கு மேலாளரிடம் அப்படி என்ன பேச்சு? வேறென்ன, இந்த நாற்காலிதான். வேலை வாங்கிக் கொடுத்ததே நான், அக்கா புருஷன் என்ற மரியாதை வேண்டாமா, வளர்த்த கடா மார்பில் பாய்கிறது... காலையிலிருந்தே எல்லாம் ஒரு மாதிரிதான், இருபத்திரண்டு வருடம் சலாம் போட்ட காவலாளி இன்றைக்கு ஏட்டை நீட்டி, "பேரு, யாரைப் பாக்கணும், எல்லாம் எழுதுங்க சார்" என்கிறான், யாரைப் பார்க்கவாம்? கடவுச்சொல்லையும் மாற்றியிருக்கிறார்கள், மச்சினன்தான் கையால் மறைத்துக்கொண்டு தட்டிக் கொடுத்தான். சரி, அவன் சிக்னல் எப்படி? மிகவும் பலவீனம். பெட்டிக்கு நேர் கீழே இருப்பவனுக்கு ஏன் பலவீனம்? மேலாளர் மேஜைக்கு அடியிலிருந்து பேசுகிறானோ? காலில் விழுந்திருப்பான், விழுந்தவன் இன்னும் எழவில்லை என்றால் பெரிதாகத்தான் கேட்கிறான்...

"மாமா, டீ ஆறிப்போச்சு."

திரும்பினார். மச்சினன் பின்னால் நின்றான், ஒரு கையில் டீ, மறு கையில் போன்.

"எப்படா வந்த?"

"அரை மணி ஆச்சு. என் பேரையே முறைச்சுக்கிட்டு இருந்தீங்க, எதுக்குக் கலைக்கணும்னு நின்னேன்."

திரையில் அவன் இன்னும் மூன்றாம் மாடியில்தான் இருந்தான். அட, இது தனக்குத் தெரியாததா... சில போன்கள் அப்படித்தான், ஆள் இடம் மாறினாலும் பழைய பெட்டியை விடாது, தலைக்கு மேலேயே வேறு பெட்டி இருந்தாலும் அந்தத் தேய்ந்த சிக்னலைப் பிடித்துத் தொங்கும், அதனால் அங்கே இருக்கிற மற்றவர்களுக்கும் வேகம் குறையும். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அது தானாகப் போகாது, நாம்தான் துண்டிக்க வேண்டும் என்று. துண்டித்தார். மூன்றாம் மாடிப் பட்டியலில் மறைந்த பெயர் இந்த அறையின் பெட்டியில் வந்து உட்கார்ந்தது. மூன்று நொடி. இவ்வளவு சுலபமா...

"எந்திரிங்க மாமா, நான் உக்காரணும். அக்கா ரெண்டு தடவை போன் பண்ணிடுச்சு, உங்களை எங்கேன்னு."

பார், வாய்விட்டே கேட்டுவிட்டான். அவர் நாற்காலியின் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது.