எழச் சொல்லாத குரல்

தங்கையின் கணவர் அவளை எப்போதும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அன்று காலை போனில் "டீச்சர்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவர் கோபம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டர் ஸ்கேனப் பாத்துட்டிருக்காரு. உங்க தங்கச்சி முட்டிக்கு ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு இப்ப சொல்லிடுவாரு. இந்தக் காலை வச்சு தினமும் அப்படி என்னதான் பண்றீங்கன்னு கேக்குறாரு. அத நீங்கதான் சொல்லணும், டீச்சர்."

"நான் சொல்லிக்குடுத்ததுல தப்பு ஒண்ணும் இல்ல. அவ தினமும் பண்றதில்ல. விட்டு விட்டு பண்ணா புடிச்சுக்கத்தான் செய்யும். அவகிட்டயே எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன்."

"சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

டயர் கடைக்கு மேலே இருக்கும் நீளமான அறையில்தான் அவள் யோகா வகுப்பு நடத்துகிறாள். கீழேயிருந்து ரப்பர் வாடை வரும், மூச்சுப் பயிற்சியில் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியதுதான். அப்படியும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வகுப்பு முடியும்போது தவறாமல் ஒரு பிரசங்கம் உண்டு. "இங்க வந்து பண்றது பெருசில்ல. வீட்ல தினமும் தனியா உக்காரணும். இன்னிக்கு உடம்பு எங்க இறுகியிருக்கு, மனசு எங்க ஓடுதுன்னு நம்மள நாமே பாக்கணும். அப்படிப் பாக்குறவங்களுக்கு யோகா என்னிக்குமே சலிக்காது." கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். சொல்பவளுக்கு எப்போதோ சலித்துவிட்டது. வகுப்பில் நடந்துகொண்டே வாயாலேயே எல்லா ஆசனத்தையும் முடித்துவிடுவாள். தனக்கென்று பாய் விரித்து எத்தனை நாளாயிற்று என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

வீட்டில் செய்யத் துணைக்கு ஏதாவது வேண்டும் என்று எல்லோரும் நச்சரித்ததால், தன் குரலிலேயே ஒரு பாடத்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். ஒரே மூச்சில் பேசினாள், அனுப்பினாள், அத்தோடு சரி. தன் குரலைத் தானே கேட்பதென்றால் அவளுக்குக் கூச்சம். மாணவர்களோ, "தினமும் அதப் போட்டுத்தான் பண்றோம், சூப்பரா இருக்கு டீச்சர்" என்று ஆளுக்கு ஆள் புகழ்ந்து தள்ளினார்கள். தங்கை ஒருத்திதான், "அந்தப் படுக்குற ஆசனத்துல முட்டி வலிக்குதுக்கா" என்றாள். அப்போதும் இதே பதில்தான். தினமும் செய், சரியாகிவிடும்.

இப்போது டாக்டருக்கு அட்சரம் பிசகாமல் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தையே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் போகிறது. தப்பு தன்மேல் இல்லை என்று தங்கையின் கணவர் முகத்துக்கு நேராகவே சொல்லலாம். வகுப்பு அறையிலேயே பாயை உதறி விரித்தாள். போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவைத் தட்டினாள். எந்த நிமிஷமும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்ற பதைப்பில் காது இரண்டும் போனிலேயே இருந்தன.

"முதுக நிமித்துங்க" என்று அவள் குரல் அவளையே அதட்டியது. என்ன அதிகாரம் என்று எரிச்சலாக வந்தது. குனியச் சொன்ன இடத்தில் குனிய முடியவில்லை. இடுப்பு மரக்கட்டையாகக் கிடந்தது. பிறகு சுப்த வஜ்ராசனம். கால்களை மடித்து, குதிகால்மேல் உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து முதுகைத் தரையில் கிடத்த வேண்டும்.

"கண்ண மூடுங்க. லேசா வலிச்சா பயப்படாதீங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

அது அவள் வகுப்பின் சட்டம். மீறினால் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

டிங் என்று ஒரு மணி அடித்தது. திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். வாசலில் யாரும் இல்லை. மணி அடித்தது போனுக்குள்.

அப்போதுதான் நினைவு வந்தது. இதே அறையில் பதிவு செய்துகொண்டிருந்த அன்று பார்சல்காரன் வந்து வாசல் மணியை அடித்தான். பதிவை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டுமே என்று, சத்தம் கேட்காமல் வெறுங்காலோடு எழுந்து கீழே போனாள். விலாசம் தப்பு என்று அவனோடு மல்லுக்கட்டினாள். கீழ்க்கடை முதலாளியோடு பேச்சு வளர்ந்தது. மேலே பதிவு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போனில் ஃபேன் சத்தம் மட்டும் ஓடியது. அவள் படுத்தே கிடந்தாள். இப்போது வந்துவிடுவேன், இதோ வந்துவிடுவேன் என்று தன் குரலுக்காகத் தானே காத்திருந்தாள். தொடை எரிந்தது. முட்டிக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுவதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியாமல் புரண்டு எழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகும் குரல் வரவில்லை. அழுகை வரும்போலிருந்த நேரத்தில்தான், "ம்... இப்ப மெதுவா எந்திரிங்க" என்றது, ஒன்றுமே நடக்காததுபோல.

ஒரே ஒரு நாள் போட்டுச் செய்திருந்தாலும், "என்ன டீச்சர், நடுவுல காணாமப் போயிட்டீங்க?" என்று கேட்டிருப்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை. சூப்பர் என்ற வாய்களில் ஒன்றுகூட அதைக் கேட்டுச் செய்யவில்லை. செய்தவள் தங்கை ஒருத்திதான். அவளைப் பிடித்துத்தான் தினமும் செய்வதில்லை என்று திட்டித் தீர்த்திருக்கிறாள். அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

போன் அடித்தது. தங்கைதான்.

"அக்கா, ஆபரேஷன் பண்ணியே ஆகணுமாம். உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்காம்." மூக்கை உறிஞ்சினாள். "அவரு உன்கிட்ட ஏதாவது கோவமாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காத. ஆனா நான் விட்டு விட்டு பண்ணேன்னு மட்டும் சொல்லாதக்கா. உன்மேல சத்தியமா, ஒரு நாளும் விடல."

"தெரியும்டி."

"வலிக்கத்தான் செஞ்சுது. ஆனா அந்த மணிய அடிச்சிட்டு நீ பேசாம இருப்பியே, அந்த எடந்தான் எனக்குப் புடிச்சதே. கல்யாணம் ஆனதுலேர்ந்து நாம ரெண்டு பேரும் சேந்தாப்ல எங்க உக்காந்தோம்? நீ பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துட்டிருக்குற மாதிரி இருக்கும். அதுக்காகவேதான் தினமும் பண்ணேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். தங்கை சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பாள். அவள் கணவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

"ஸ்பீக்கர்ல போடு குட்டி. அவரும் டாக்டரும் கேக்கட்டும்."

"எதுக்குக்கா?"

"போடு."

போட்ட சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி இரைச்சல் பெரிதாக வந்தது.

"நான் அங்க இல்லடி. அது வாசல் மணி. உன்னப் படுக்க வச்சிட்டு நான் கதவத் தொறக்கப் போயிட்டேன்."

அவள் போனை வைக்காமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள்.